காற்றுக்கு முன்னால் ஒருமுறை மரத்தைப் பாருங்கள்

சேலத்துக் கோடை மழை ஒரே மாதிரிதான் வரும். பகலெல்லாம் வெயில் கொளுத்தும். நாலு மணிக்கு மேல் ஏற்காடு மலைப்பக்கம் கருக்கும். மழைக்கு முன்னால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு காற்று வரும். அந்தக் கொஞ்ச நேரக் காற்றில்தான் ஊருக்குள் எங்காவது ஒரு மரம் விழுகிறது. அஸ்தம்பட்டி பக்கமோ, கன்னங்குறிச்சி ரோட்டிலோ, குகையிலோ. ஆட்டோவின் மேல் கிளை கிடக்கும் படம் ராத்திரிக்குள் எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் வந்து சேர்ந்துவிடும்.

மறுநாள் காலையில் பேச்சு இரண்டாகப் பிரியும். ரோட்டோரம் இருக்கிற பெரிய மரத்தையெல்லாம் எடுத்துவிட வேண்டும் என்பார்கள் சிலர். ஒரு மரத்தைக்கூடத் தொடக் கூடாது என்பார்கள் சிலர். நான் மரங்களின் பக்கம் நிற்கிறவள். இருந்தாலும் அந்த இரண்டாவது பேச்சு மரங்களைக் காப்பாற்றாது என்று உறுதியாக நினைக்கிறேன். அழுகிப்போன ஒரு மரத்தை "தொடாதே" என்று சொல்லி நிறுத்தி வைத்து, அது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் மேல் விழுந்தால், அதற்கப்புறம் அந்தத் தெருவில் நல்ல மரம் ஒன்றுகூட மிஞ்சாது. பயம் வந்துவிட்டால் யாரும் எது நல்ல மரம், எது கெட்ட மரம் என்று பிரித்துப் பார்க்க மாட்டார்கள். அதனால் மரத்தின் மேல் பிரியம் இருக்கிறவர்கள்தான் அதன் பழுதையும் முதலில் கண்டுபிடிக்க வேண்டும், எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்கச் சொல்லவும் வேண்டும்.

ஆபத்து என்பது மரத்தில் பாதி, மரத்துக்குக் கீழே பாதி. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டின் உள்ளே பட்டுப்போன சில்வர் ஓக் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். பட்டை உரிந்து, உச்சி முறிந்து, நடுத்தண்டில் மரங்கொத்தி குடைந்த பொந்தோடு நின்றது. அதை ஒருவரும் வெட்டவில்லை, வெட்டத் தேவையும் இல்லை. சுற்றி ஆள் நடமாட்டமே கிடையாது. அப்படியே விழுந்தாலும் நாலு காபிச் செடி போகும். அதே மரம் பஸ் நிறுத்தத்துக்கு மேல் நின்றிருந்தால் அன்றைக்கே எடுத்திருக்க வேண்டும். இந்தத் துறையில் இருப்பவர்கள் மூன்று கேள்விகளைச் சேர்த்தே கேட்கிறார்கள். மரமோ கிளையோ முறிய எவ்வளவு வாய்ப்பு? முறிந்தால் கீழே யாராவது, ஏதாவது இருக்க எவ்வளவு வாய்ப்பு? இருந்தால் எவ்வளவு பெரிய சேதம்? இன்டர்நேஷனல் சொசைட்டி ஆஃப் ஆர்போரிகல்ச்சர் என்ற அமைப்பு 2013 முதல் மர ஆபத்து மதிப்பீட்டுக்குப் பயிற்சி கொடுத்துத் தகுதிச் சான்று தருகிறது. அதன் அடிப்படையும் இந்தக் கேள்விகள்தான். முதல் கேள்விக்கு மரத்தைப் பார்க்க வேண்டும், இரண்டாவதற்குத் தெருவைப் பார்க்க வேண்டும். வண்டி நிறுத்தும் இடத்தை மாற்றுவது, திண்ணையைத் தள்ளிப் போடுவது, டீக்கடையின் பெஞ்சை நகர்த்துவது போன்ற சின்ன வேலைகளாலேயே ஒரு மரத்தின் ஆபத்து பாதியாகக் குறைந்துவிடும். இதையெல்லாம் யோசிக்கிறதுக்கு முன்னாலேயே நாம் ரம்பத்தைத் தேடப் போய்விடுகிறோம்.

மரத்தைப் பார்ப்பது எப்படி என்று எனக்கு முதலில் காட்டியவர் சேர்வராயன் மலையில் கவாத்து வேலை செய்யும் ஒரு பெரியவர். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் ஏற்காட்டுக்குக் காபி வந்தது. காபிக்கு நிழல் வேண்டும், ஆனால் நிழல் கூடிப்போகவும் கூடாது. அதனால் பருவமழைக்கு முன்னால் மரம் ஏறி நிழல் கழிக்கிறது என்பது இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக நடக்கிற வேலை. இடுப்பில் கயிறும் கொடுவாளுமாக அவர் மரத்தடிக்கு வந்தார். நான் அண்ணாந்து உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேல அப்புறம் பாக்கலாம்மா. மொதல்ல குனிஞ்சு பாருங்க" என்றார்.

மரத்தடியில் குந்தி உட்கார்ந்து, சருகைக் கையால் ஒதுக்கினார். அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தில் வேர்கள் அகன்று விரிந்து உள்ளே இறங்க வேண்டும். அது நன்றாகத் தெரிந்தால் நல்லது. அடிமரம் நேராக மண்ணுக்குள் செருகியது போல இருந்தால், யாரோ மண்ணையோ ஜல்லியையோ மேலே கொட்டி மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம், உள்ளே பட்டை அழுகிக்கொண்டிருக்கலாம். பிறகு சுற்றி வந்து மண்ணைப் பார்த்தார். மரம் சாய்ந்திருக்கிறதா என்பது அவருக்குப் பெரிய விஷயமாகவே இல்லை. சாய்ந்தே வளர்ந்த மரம், உச்சி மறுபடி நிமிர்ந்து வெளிச்சத்துக்குப் போயிருந்தால், அது பல வருடச் சாய்வு. சாய்வுக்கேற்ற வேரை மரம் போட்டிருக்கும். பயப்பட வேண்டியது புதுச் சாய்வுக்குத்தான். சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்திருக்கும், லேசாக மேலே தூக்கியிருக்கும். "மண்ணு தூக்கியிருந்தா அதுக்கு மேல நேரம் இல்லைன்னு அர்த்தம்" என்றார். அந்த மாதிரி மரத்தடியில் யாரையும் நிற்க விடக் கூடாது, மறுநாள் வரைக்கும் தள்ளிப்போடவும் கூடாது.

அடுத்தது காளான். அடிமரத்தை ஒட்டி, பழுப்பு நிறத்தில், விளிம்பு மட்டும் வெளுத்து, கட்டையாக ஒரு காளான் இருந்தால் அது பெரும்பாலும் கானோடெர்மா. நாம் பார்ப்பது அதன் காய் மட்டும்தான். அதன் உடம்பு மரத்துக்குள்ளே வேரையும் அடித்தண்டையும் தின்றுகொண்டிருக்கும். இந்த மரத்தின் இலை பச்சைப் பசேலென்று இருக்கும், பூவும் பூக்கும் என்பதுதான் இதில் ஏமாற்றுகிற விஷயம். தண்ணீர் ஏறுவது தண்டின் வெளிப்பக்கத்து இளமரத்தில். அழுகுவது மரத்தைத் தாங்கி நிறுத்தும் உள்பகுதியும் அடி வேரும். அதனால்தான் "நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்று விழுந்த மரத்தைச் சுற்றி நின்று சொல்கிறோம். இலை நன்றாக இருந்ததை மட்டும்தான் நாம் பார்த்திருப்போம்.

காளானுக்கு அப்புறம் அவர் கொடுவாளைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் தண்டைத் தட்டிக்கொண்டே சுற்றி வந்தார். டக், டக், டக் என்று கெட்டியாகக் கேட்டுக்கொண்டே வந்த சத்தம், வடக்குப் பக்கம் ஒரு இடத்தில் 'மொத்' என்று இறங்கியது. மறுபடி தட்டினார், இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் கீழே. பொள்ளல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று விரலால் பட்டையின் மேல் ஒரு கோடு போட்டுக் காட்டினார். பெரிய நகரங்களில் இதற்கு ஊசி போன்ற துளைப்பான் கொண்ட கருவி இருக்கிறது. மரத்துக்குள் இறங்கும்போது எங்கே கெட்டி, எங்கே பொள்ளல் என்று வரைபடமாகக் காட்டும். ஆனால் அந்தக் கருவியை எங்கே குத்த வேண்டும் என்று முடிவு செய்யவும் முதலில் யாராவது தட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

பொள்ளல் விழுந்த மரமெல்லாம் விழுகிற மரம் இல்லை. சேலத்தைச் சுற்றி நெடுஞ்சாலை ஓரங்களில் வெள்ளையும் கறுப்பும் பட்டை அடித்து, நம்பர் எழுதி நிற்கும் பழைய புளியமரங்களைப் பாருங்கள். பல மரங்களில் ஒரு ஆள் நுழையும் அளவுக்குப் பொந்து இருக்கும். நிற்கின்றன, காய்க்கின்றன, வருடா வருடம் ஏலமும் போகின்றன. மூங்கில் உள்ளே வெறுமையாக இருந்தும் காற்றைத் தாங்குகிற மாதிரிதான் இதுவும், சுற்றுச் சுவர் கெட்டியாக இருந்தால் போதும். எவ்வளவு கெட்டி? ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகரில் ஆய்வு செய்த கிளாவ்ஸ் மட்டெக், முறிந்த மரங்களையும் முறியாமல் நிற்கும் மரங்களையும் அளந்து பார்த்து ஒரு கணக்குச் சொன்னார். தண்டின் ஆரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அளவுக்காவது நல்ல சுவர் மிச்சம் இருக்க வேண்டும். 60 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு 9, 10 செ.மீ. கெட்டி மரம் சுற்றிலும் வேண்டும். அதற்குக் கீழே போனால் முறியும் வாய்ப்பு வேகமாகக் கூடுகிறது. சுவரில் பெரிய வாய் திறந்திருந்தால் இந்தக் கணக்கும் போதாது. இது கல்லில் எழுதிய விதி இல்லை என்று சொல்கிற நிபுணர்களும் உண்டு. ஆனால் "பொந்து இருக்கு, வெட்டு" என்று வருகிறவரிடம் "சுவர் எவ்வளவு இருக்குன்னு பாத்தீங்களா?" என்று திருப்பிக் கேட்க இந்தக் கணக்கு உதவும்.

அதற்கப்புறம்தான் பெரியவர் அண்ணாந்து பார்த்தார். இரண்டு தண்டாகப் பிரியும் கவையைக் காட்டினார். அகலமாக விரிந்த கவை பலமானது. குறுகலாகப் பிரிந்து, நடுவில் பட்டை உள்ளே மாட்டிக்கொண்ட கவை பார்க்க ஒட்டியிருக்கும், உள்ளே ஒட்டாது. இரண்டு பக்கமும் பருக்கப் பருக்க ஒன்றையொன்று நெம்பும். அந்த இடத்தில் விரிசல் ஓடியிருந்தாலோ தண்ணீர் கசிந்து கறுத்திருந்தாலோ ஒரு பக்கத்தின் கனத்தைக் குறைத்தே ஆக வேண்டும். இங்கே முழு மரத்தையும் எடுக்கத் தேவையே இல்லை.

ஊருக்குள் வந்தால் கதை வேறு. மலையில் மரம் தானாகக் கெடுகிறது. ஊரில் நாம் கெடுக்கிறோம்.

ஆணிவேர் பூமிக்குள் எங்கேயோ போய்ப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வளர்ந்த மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் இரண்டு அடிக்குள்தான் இருக்கிறது. கிளைகள் பரவிய எல்லையையும் தாண்டி அகலமாக ஓடுகிறது. அப்படியானால் நாம் தெருவில் தோண்டுகிற ஒவ்வொரு குழியும் வேருக்குள்தான் தோண்டுகிறோம். பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், கேபிள், மழைநீர் வடிகால் என்று ஒன்று மூடும் முன்னால் அடுத்தது.

எங்கள் பகுதியில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருந்தது. வடிகாலுக்காக அதன் கிழக்குப் பக்கம், தண்டிலிருந்து ஒரு கை தூரத்தில், ஜேசிபி நேர்கோட்டில் தோண்டிக்கொண்டே போனது. தொடை பருமன் வேர்கள் நார் நாராகக் கிழிந்து குழியின் சுவரில் தொங்கின. வேலையை மேற்பார்வை பார்த்தவரிடம் போய்ச் சொன்னேன். "மரம்தானே மேடம், திரும்ப வேர் விட்டுக்கும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படி நம்பினார். வடிகால் கட்டி, மேலே பேவர் பிளாக் போட்டு, தண்டை ஒட்டி சிமென்ட் பூசி முடித்தார்கள். மரம் அப்புறமும் சில வருடங்கள் நின்றது, தழைத்தது. கிழிந்த வேர்முனைகள் வழியாக அழுகல் மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஒரு மே மாதச் சாயங்காலம் மேற்குப் பக்கம் பார்த்து வேரோடு சாய்ந்தது. கிழக்கே பிடித்து இழுக்க வேர் இல்லை, அதனால் மேற்கே விழுந்தது. மேற்கேதான் வீடுகள். ஒரு வீட்டின் சன்ஷேடும் ஒரு பைக்கும் நொறுங்கியதோடு போயிற்று, ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தலைகீழாகக் கிடந்த அடிப்பாகத்தில் ஒரு பக்கம் வேரே இல்லாமல் சுவர் மாதிரி மழமழவென்று இருந்ததை அன்று அங்கே நின்ற எல்லோரும் பார்த்தோம். அப்போதும் பேச்சு என்னவோ "தூங்குமூஞ்சி மரமே இப்படித்தான்" என்பதாக இருந்தது.

கட்டுமானங்களின் அருகே மரங்களைக் காக்க பிரிட்டனில் ஒரு தரவிதி வைத்திருக்கிறார்கள். தண்டின் விட்டத்தைப் போல 12 மடங்கு தூரம் வரை வேர்ப்பகுதி, அதற்குள் தோண்டாதே என்பது அதன் சாரம். அரை மீட்டர் தடிமன் மரத்துக்கு 6 மீட்டர். செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் 6 மீட்டர் என்றால் எதிர்வீட்டுத் திண்ணை வந்துவிடும், அதனால் அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது என்பது புரிகிறது. ஆனால் மரத்தை நெருங்கும் இடத்தில் மட்டும் ஜேசிபியை நிறுத்திவிட்டு ஆட்களை வைத்துக் கையால் தோண்டலாம். தடித்த வேர்களை விட்டுவிட்டு அவற்றுக்குக் கீழே குழாயை நுழைக்கலாம். கிழிந்த வேரை ரம்பத்தால் சுத்தமாக அறுத்துவிட்டு அன்றைக்கே மண் மூடலாம். சில மணி நேரக் கூடுதல் வேலை, அவ்வளவுதான். சிமென்ட் விஷயத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே டெல்லி மரங்களுக்காக உத்தரவு போட்டது. தண்டைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை எடுத்துவிட வேண்டும் என்று. நம் தெருவில் இதைச் செய்ய ஒரு கடப்பாரையும், வீட்டுக்காரர்களின் சம்மதமும் போதும்.

அடுத்த பெரிய கெடுதல், மொட்டை அடிக்கிறது. மின்கம்பிக்காக ஒரு பக்கம் மட்டும் கழித்துக்கொண்டே போவார்கள், மரத்தின் கனமெல்லாம் மறுபக்கம் சேரும். கம்பியில் கிளை உரசாமல் பார்ப்பது அவசியமான வேலை, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு லைன்மேன்கள் செய்கிற வேலை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. (கம்பியில் கிளை கிடந்தால் நாமாகத் தொடவே கூடாது. மின்னகம் 94987 94987 எண்ணுக்குக் கூப்பிட வேண்டும்.) ஆனால் வீட்டுக்காரர்கள் தாங்களாகவே ஆள் வைத்து, "காத்துக்கு விழுந்துடும், மொட்டை அடிச்சுடு" என்று தண்டை மட்டும் நிறுத்துகிறார்களே, அது பயத்துக்கு மருந்தாகத் தெரிந்தாலும் ஆபத்தை வளர்க்கிறது. வெட்டிய இடத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். அந்தக் கொப்புகள் பட்டைக்குக் கீழே மேலாகத்தான் ஒட்டியிருக்கும், பழைய கிளையைப் போல மரத்துக்குள் வேரூன்றி வளர்ந்தவை இல்லை. அடியில் வெட்டுக்காயம் அழுகிக்கொண்டே இருக்கும், மேலே கொப்பு கனத்துக்கொண்டே போகும். சில வருடங்களில் ஒரு நாள் கொத்தோடு பிய்ந்து விழும்.

மரம் காயத்தை எப்படிச் சமாளிக்கிறது என்று தெரிந்துகொண்டால் எங்கே வெட்டுவது என்பது தானாகப் புரியும். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷிகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை ரம்பத்தால் நெடுக்காகப் பிளந்து பார்த்தார். நம் தோல் மாதிரி மரம் பழைய இடத்தைப் புதுப்பித்துக்கொள்வதில்லை. கெட்டுப்போன பகுதியைச் சுற்றி உள்ளுக்குள்ளேயே தடுப்பு எழுப்பி, அழுகலை அங்கேயே அடைத்துவிட்டு, வெளியே புது மரத்தை வளர்த்துக்கொள்கிறது என்று அவர் காட்டினார். அந்தத் தடுப்பு பலமாக இருக்கும் இடம், கிளை தண்டோடு சேரும் இடத்தில் லேசாகப் புடைத்திருக்கும் வளையம். வளையத்துக்கு வெளியே ஒட்டி வெட்டினால் காயம் சீக்கிரம் மூடும். வளையத்தையும் சேர்த்துத் தண்டோடு மழிக்க வெட்டினால் அழுகல் தண்டுக்குள்ளேயே போகும். ஒரு முழம் குச்சி விட்டு வெட்டினால் அந்தக் குச்சி பட்டு, அதன் வழியாகப் போகும்.

மலையில் அந்தப் பெரியவர் ஷிகோவின் பேரைக் கேட்டதில்லை. தடித்த கிளையைக் கழிக்கும்போது அவர் செய்தது இது: தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கம் முதலில் ஒரு பாதி வெட்டு. பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழு வெட்டு. கிளை சரிந்து, கீழ்வெட்டில் வந்து சுத்தமாக முறிந்தது. பட்டை தண்டு வரைக்கும் உரியவில்லை. கடைசியாக மிச்சமிருந்த கட்டையை வளையத்தை ஒட்டி எடுத்தார். பாடப் புத்தகத்தில் இருக்கும் மூன்று வெட்டு முறை இதுவேதான். காயத்தின் மேல் தார் பூசட்டுமா என்று கேட்டேன். "எதுக்கும்மா? காயட்டும்" என்றார். ஆய்வுகளும் அதையேதான் சொல்கின்றன. தாரும் பெயின்டும் அழுகலைத் தடுப்பதில்லை. பொந்துக்குள் சிமென்ட் நிரப்புவது இன்னும் மோசம், மரம் ஆடும்போது சிமென்ட் ஆடாது, உள்சுவரை உரசி உரசிக் கெடுக்கும்.

வேப்பமரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சில வருடங்களாகக் கார்த்திகை, மார்கழியில் வேம்பு முழுக்கப் பழுப்பாகிக் காய்ந்து நிற்பதைப் பார்க்கிறோம். தேயிலைக் கொசு என்கிற சாறு உறிஞ்சும் பூச்சியும், கூடவே வரும் பூஞ்சையும் காரணம். பட்டுப்போய்விட்டது என்று அவசரப்பட்டு வெட்டுகிறார்கள். நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் விட்டுவிடுங்கள், பெரும்பாலும் பங்குனிக்குள் துளிர்த்துவிடும்.

தென்னையை நாம் ஆபத்தான மரமாக நினைப்பதே இல்லை, ஆனால் வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில், வாசலுக்கு நேராக நிற்பது அதுதான். அடித்தண்டில் செம்பழுப்பு நீர் கசிந்து காய்ந்திருந்தால் அது தஞ்சாவூர் வாடலாக இருக்கலாம், 1952-ல் தஞ்சாவூர்ப் பக்கம் முதலில் பார்த்ததால் அந்தப் பேர், செய்கிற பூஞ்சை அதே கானோடெர்மா. தண்டில் ஓட்டையும் அதில் மென்ற நாரும் தெரிந்தால் சிவப்புக் கூன்வண்டு. தண்டில் காது வைத்தால் புழு கடிக்கும் சத்தம் கேட்கும் என்று தோப்புக்காரர்கள் சொல்வார்கள். இரண்டுக்கும் ஆரம்பத்தில் மருத்துவம் உண்டு. முற்றிவிட்டால் குருத்துச் சாய்ந்து, ஒரு நாள் தலையே கழன்று விழும். அந்தக் கட்டத்தில் வீட்டோரத் தென்னையை வைத்திருக்கக் கூடாது.

மலைப்பாதையில் இன்னொரு விதம். அடிவாரத்திலிருந்து ஏற்காடு போகும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ரோட்டுக்காக மலையை வெட்டிய சரிவின் விளிம்பில் மரங்கள் நிற்கின்றன. பாதி வேர் மண்ணில், பாதி வேர் வெளியே காற்றில் தொங்குகிறது. வெயில் காலத்தில் இந்த மரங்களுக்கு ஒன்றும் ஆகாது. மண் ஊறிப்போனால்தான் வேரின் பிடி நழுவும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியபோது மலைப்பாதையில் மண்ணும் பாறையும் மரங்களும் சேர்ந்தே சரிந்தன. அங்கே மரத்தைக் குற்றம் சொல்வதில் அர்த்தம் இல்லை, அந்த வேர்கள்தான் மிச்ச மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கனமழை நாளில் பாதையை மூடுவதும், சரிவுக்கு மேல் தொங்கும் ஓரிரு மரங்களின் கனத்தை முன்கூட்டியே குறைப்பதும், வெட்டினாலும் வேரைப் பிடுங்காமல் கட்டையை மண்ணில் விடுவதும்தான் வழி. 1955-ஆம் வருடத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் மலையில் நினைத்தபடி மரம் வெட்டவும் முடியாது. கீழே சேலத்திலும் பொது இடத்து மரத்துக்கு மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அந்தக் கட்டுப்பாடு தேவைதான். அதனால்தான் முன்கூட்டியே பார்க்கச் சொல்கிறேன். காற்று அடிக்கிற வாரத்தில் மனு எழுதினால் மரம் காத்திருக்காது.

எங்கள் காலனிப் பூங்காவில் ஒரு மயில்கொன்றை (குல்மோஹர்) இருந்தது. மடகாஸ்கரிலிருந்து வந்து ஊரெல்லாம் பரவிய மரம், பூத்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் கட்டை மென்மையானது, வேரும் ஆழம் போகாது. 2016-ல் வர்தா புயலின்போது சென்னையில் வேரோடு சாய்ந்த மரங்களில் இந்த இனம் நிறைய. எங்கள் மரத்துக்குக் கீழேதான் ஊஞ்சல். அடியில் காளான் வந்திருந்ததைப் பார்த்து, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அந்த மரத்தை வைத்தவர் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர். அவரும் வந்தார்.

"நான் தண்ணி ஊத்தி வளத்தது கண்ணு. நீயே வெட்டச் சொல்றியே" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. கையில் வைத்திருந்த நீள ஸ்க்ரூ டிரைவரை அவரிடமே கொடுத்தேன். காளானுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போனது, தடையே இல்லாமல். வெளியே எடுத்து, முனையில் ஒட்டியிருந்த ஈரமான வெள்ளைத் தூளை விரலால் தேய்த்துப் பார்த்தார். இன்னொரு இடத்தில் குத்தினார், அங்கேயும் அப்படியே. எதிர்ப்பக்கம் போய்க் குத்தினார், அங்கே கெட்டி.

"ஊஞ்சல இன்னைக்கே கழட்டிடுங்க ஐயா. மரத்தப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றேன்.

அன்று சாயங்காலமே ஊஞ்சலைக் கழற்றினோம், சுற்றிக் கயிறு கட்டினோம். கிளைகளைக் குறைத்து வைத்துக்கொள்ள முடியுமா என்று யோசித்தோம். கிளையில் பழுது என்றால் அது சரி, பழுது வேரில் இருக்கிறது. பெரியவரே மனுவில் முதல் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு ஒரு நிபந்தனை வைத்தார்: பக்கத்தில் நிற்கும் புங்கனையும் நாவலையும் யாரும் தொடக் கூடாது. அவற்றையும் சேர்த்துத் தட்டிப் பார்த்தோம். புங்கனில் ஒரு காய்ந்த கிளை, நாவலில் ஒன்றும் இல்லை. அந்த ஒரு கிளையை மட்டும் எடுத்தோம். மயில்கொன்றையை அறுத்தபோது, ஊஞ்சல் இருந்த பக்கம் நல்ல மரம் இரண்டு விரற்கடை அளவுகூட இல்லை. அந்த இடத்தில் இப்போது மகிழம் வைத்திருக்கிறோம், சுற்றிலும் ஒரு மீட்டருக்கு வெறும் மண்ணாக விட்டு. மின்கம்பி பக்கம் ஓங்கி வளராத பவளமல்லி.

இந்தத் தடவை பகுதி சபைக் கூட்டத்தில் எங்கள் தெருக்காரர்கள் கேட்கப் போவது ஒரு நோட்டுப் புத்தகம்தான். வார்டில் உள்ள ஒவ்வொரு பொது மரத்துக்கும் ஒரு பக்கம்: எந்த மரம், எங்கே நிற்கிறது, கீழே என்ன இருக்கிறது, வேர் எப்போது வெட்டுப்பட்டது, யார் எப்போது பார்த்தார்கள், என்ன செய்தார்கள். தை மாதம் சுற்றிப் பார்த்து எழுதினால், மாசிக்குள் ஒப்புதல் வாங்கி, பங்குனிக் காற்றுக்கு முன்னால் கழிக்க வேண்டியதைக் கழித்துவிடலாம். வடிகால் தோண்ட வருகிறவர்களும் அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் மண்வெட்டியை இறக்க வேண்டும் என்று கேட்கப் போகிறோம். உங்கள் வார்டிலும் கேளுங்கள். எங்கள் நோட்டின் முதல் பத்துப் பக்கத்தை எழுதிவிட்டோம், மாதிரி வேண்டுமென்றால் தருகிறேன்.